குறி தப்பும் துப்பாக்கிக்கு யார் பொறுப்பு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பள்ளிக்கு விடுமுறை விட்டால் சென்னை மால்களின் கேம் சோன்களில் நிற்க இடம் இருக்காது. அங்கே கூட்டம் சேருகிற இடங்களில் ஒன்று துப்பாக்கி சுடும் மெஷின். கார்டைத் தேய்த்தால் பணம் சரியாகக் கழிகிறது. துப்பாக்கிதான் சரியாகச் சுடுவதில்லை. இதை யாரும் ஒரு புகாராகவே எடுத்துக்கொள்வதில்லை. பிள்ளைக்குக் குறி பார்க்கத் தெரியவில்லை என்று பெற்றோர் நினைத்துக்கொள்கிறார்கள். பிள்ளையும் அதை நம்பிவிடுகிறது. அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் பெரம்பூரில் டிவி மெக்கானிக். பிக்சர் டியூப் காலத்தில் தொழில் பழகியவன். டிவியோடு சேர்ந்து வீடியோ கேம்களும், கேம் கடைக்காரர்கள் வைத்திருந்த பெரிய மெஷின்களும் என்னிடம் பழுதுக்கு வந்திருக்கின்றன. துப்பாக்கி எப்படி வேலை செய்கிறது, எங்கே கெடும் என்பது கைப்பழக்கத்தில் தெரியும்.

போன கோடை விடுமுறையில் பேரனை ஒரு பெரிய மாலுக்கு அழைத்துப் போனேன். பேய்கள் கூட்டமாக வரும், சுட்டுத் தள்ள வேண்டும், அந்த மாதிரி விளையாட்டு. சிவப்பு, நீலம் என்று இரண்டு துப்பாக்கிகள். பேரன் நீலத்தை எடுத்தான். நேராகப் பிடித்துச் சுட்டால் திரையில் ஒரு சாண் இடப்பக்கம் தள்ளி விழுந்தது. வலது மேல் மூலைக்குப் போனால் குறி நிற்கவே இல்லை, துள்ளியது. இந்த விளையாட்டில் குண்டு தீர்ந்தால் திரைக்கு வெளியே காட்டிச் சுட வேண்டும், அப்போதுதான் மறுபடி நிரம்பும். அவன் வலப்பக்கம் திரைக்கு வெளியே காட்டினான். ஆனால் குறி இடப்பக்கம் தள்ளியிருந்ததால், அவன் இன்னும் திரைக்குள்ளேயே சுடுகிறான் என்று மெஷின் எடுத்துக்கொண்டது. குண்டு நிரம்பவில்லை. பேய் வந்து அடித்தது. ஆட்டம் முடிந்தது. தொடர வேண்டுமானால் மறுபடி கார்டைத் தேய்க்கச் சொன்னது.

அங்கே நின்றிருந்த பணியாளரைக் கூப்பிட்டுக் காட்டினேன். நல்ல பையன், மரியாதையாகத்தான் பேசினான். "அது அப்படித்தான் சார், கொஞ்சம் வலப்பக்கமா வெச்சு அடிக்கச் சொல்லுங்க" என்றான்.

மெரினாவில் பலூன் சுடும் கடை வைத்திருக்கிறவரும் இதையேதான் சொல்வார். ஆனால் அவர் துப்பாக்கியைக் கையில் கொடுக்கும்போதே சொல்லிவிடுவார், "கொஞ்சம் கீழ வெச்சு அடி தம்பி" என்று. தன் துப்பாக்கி எந்தப் பக்கம் இழுக்கும் என்று அவருக்குத் தெரியும். அது இரும்புக் குழாய், அவ்வளவு சுலபமாக அதை நேராக்க முடியாது. மாலில் இருப்பதை நேராக்க முடியும், அதுவும் சில நிமிடங்களில். செய்யாமல் விட்டிருக்கிறார்கள் என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

இந்தத் துப்பாக்கிகள் எவ்வளவு நுட்பமாக வேலை செய்தவை என்று தெரிந்தால் வாசகர்களுக்கும் என் ஆதங்கம் புரியும். 1936-லேயே அமெரிக்காவில் சீபர்க் நிறுவனம் ரே-ஓ-லைட் என்று ஒரு மெஷின் விட்டது. அதில் துப்பாக்கியிலிருந்து வெளிச்சம் பாயும். ஓடுகிற வாத்தின் மேல் வெளிச்சத்தை உணரும் ஒரு வால்வு, அதாவது கண்ணாடிக் குழாய், இருக்கும். பட்டால் வாத்து விழும். டிவி வந்தபிறகு இது தலைகீழாக மாறியது. வெளிச்சம் திரையில், அதைப் பார்க்கும் கண் துப்பாக்கிக் குழலுக்குள். 1972-ல் வந்த மேக்னவாக்ஸ் ஒடிசி என்ற வீட்டு வீடியோ கேமின் துப்பாக்கியை வீட்டு பல்பு பக்கம் திருப்பிச் சுட்டாலும் குறி தப்பவில்லை என்று கணக்கு வைத்துக்கொள்ளும். நின்டெண்டோ 1984-ல் கொண்டுவந்த வாத்து சுடும் விளையாட்டில் அந்த ஏமாற்று வேலை நடக்காமல் இருக்க நல்ல வழி செய்தார்கள். விசையை அழுத்தியதும் கண்ணிமைக்கும் நேரத்துக்குத் திரை முழுக்கக் கறுப்பாகும். அடுத்து வாத்து இருந்த இடத்தில் மட்டும் ஒரு வெள்ளைக் கட்டம் வரும். முதலில் இருட்டு, பிறகு வெளிச்சம் என்று இரண்டையும் துப்பாக்கி வரிசையாகப் பார்த்தால்தான் வாத்து விழும். இரண்டு வாத்து இருந்தால் கட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். எந்தக் கட்டம் வந்த நேரத்தில் வெளிச்சம் பட்டதோ அந்த வாத்துக்குக் குண்டு.

பர்மா பஜாரிலும் ரிச்சி தெருவிலும் 'டிவி கேம்' என்று வாங்கிய பெட்டிகளோடு வந்தது இந்தத் துப்பாக்கியின் நகல்தான். 2006-ல் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தில் கோடிக்கும் அதிகமான வீடுகளுக்கு 14 அங்குல டிவி போனதே, எங்கள் பகுதியில் அந்த டிவியில்தான் பல பிள்ளைகள் வாத்து சுட்டார்கள்.

பெரிய மெஷின்களில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். 1994-ல் வந்த செகாவின் விர்ச்சுவா காப், 1995-ல் வந்த நாம்கோவின் டைம் கிரைசிஸ் என்ற துப்பாக்கி விளையாட்டுகளைச் சொல்கிறேன். பிக்சர் டியூபில் படம் ஒரே அடியாக வருவதில்லை. எலக்ட்ரான் கதிர் மேலிருந்து கீழே, இடமிருந்து வலமாக வரி வரியாக ஓடித்தான் படத்தை வரைகிறது. நம் ஊர் டிவியில் நொடிக்கு 50 தடவை மேலிருந்து கீழே வந்துபோகும். குழல் காட்டும் புள்ளியைக் கதிர் கடக்கும் நொடித்துணுக்கைத் துப்பாக்கி பிடித்துவிடும். கதிர் கிளம்பி எவ்வளவு நேரம் ஆயிற்று என்று மெஷின் கணக்குப் போட்டால் எந்த வரி, எந்த இடம் என்று தெரிந்துவிடும். பிளேஸ்டேஷனுக்கு நாம்கோ விற்ற துப்பாக்கியில் மஞ்சள் வீடியோ வயரில் செருக ஒரு தனி இணைப்பே இருந்தது, கதிரின் நேரத்தை அதிலிருந்து எடுத்துக்கொள்ளத்தான். முதன்முதலில் அதைக் கழற்றிப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷம் இன்றைக்கும் நினைவிருக்கிறது.

அப்புறம் எல்சிடி டிவி வந்தது. வரி வரியாக ஓடும் அந்தக் கதிர் அதில் இல்லை. உள்ளே வருகிற படத்தையும் கொஞ்சம் தாமதித்துத்தான் காட்டும். துப்பாக்கி கெட்டுவிட்டது என்று சொல்லி நிறையப் பேர் கடைக்குக் கொண்டுவந்தார்கள். துப்பாக்கியில் ஒரு பழுதும் இருக்காது. வீட்டில் டிவியை மாற்றியிருப்பார்கள். இப்போது வெளிநாட்டில் சின்டன் என்று ஒரு துப்பாக்கி கிடைக்கிறது. படத்தைச் சுற்றி ஒரு வெள்ளைக் கரை போட்டுவிட்டு, அந்தக் கரையைக் கேமராவால் பார்த்து இடத்தைக் கண்டுபிடிக்கிறது. எல்சிடியில் வேலை செய்கிறது என்பதில் எனக்கு மகிழ்ச்சி.

மாலில் இப்போது இருக்கும் மெஷின்கள் பலவற்றில் திரையைச் சுற்றி நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு எல்இடி விளக்குகள் இருக்கும். துப்பாக்கி முனையில் சின்னக் கேமரா. விளக்குகள் எங்கே தெரிகின்றன என்பதை வைத்து அது குறியைக் கணக்கிடுகிறது. பழைய முறையை விட இதில் பராமரிப்பு அதிகம் தேவை. ஒரு எல்இடி போனால் அந்த மூலையில் குறி துள்ளும். பேரன் பிடித்த துப்பாக்கியில் நான் பார்த்தது அதுவாகத்தான் இருக்க வேண்டும். முனைக் கண்ணாடியில் கைப்பிசுக்கு படிந்தால் மங்கும். வயர் கைப்பிடிக்குள் நுழையும் கழுத்தில் பிள்ளைகள் இழுத்து இழுத்து உள்ளே அறுந்துபோகும். விசைக்கு அடியில் இருக்கும் மைக்ரோ ஸ்விட்ச் தேய்ந்தால் இரண்டு தடவை அழுத்தினால் ஒரு தடவைதான் சுடும். மைக்ரோ ஸ்விட்ச் விலை அதிகமில்லை, ரிச்சி தெருவில் கிடைக்கும். கண்ணாடியைத் துடைக்க ஒரு மெல்லிய துணி போதும். குறி தள்ளியிருந்தால் காசுக் கதவைத் திறந்து உள்ளே இருக்கும் டெஸ்ட் பட்டனை அழுத்த வேண்டும். துப்பாக்கி செட்டிங் பக்கம் வரும். திரையில் காட்டும் புள்ளிகளைப் பார்த்துச் சுட்டால் வேலை முடிந்தது.

மளிகைக் கடைத் தராசுக்கு முத்திரை வைத்துக் கேட்கிற ஊர் இது. ஒரு ஆட்டத்துக்கு 100, 150 ரூபாய் வாங்குகிற மெஷினுக்கு நான் சட்டம் கேட்கவில்லை. துப்பாக்கி கடைசியாக எந்தத் தேதியில் சரிபார்க்கப்பட்டது என்று மெஷின் பக்கத்தில் ஒரு சீட்டு ஒட்டட்டும். ஒரு துப்பாக்கி கெட்டிருந்தால் அதை மூடி வைக்கட்டும், இன்னொன்றில் ஆடிக்கொள்ளலாம். கெட்டது தெரியாமல் ஆடியவருக்கு கழித்த பணத்தைக் கார்டில் திருப்பிப் போடட்டும்.

கண்ணை மூடித் தலையில் மாட்டிக்கொண்டு ஆடும் விஆர் கருவி பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் மெஷின்கள் இருந்த இடத்துக்கு இப்போது அதுதான் வருகிறது. தலையில் மாட்டினால் சுற்றிலும் அந்த உலகம்தான். 2020-ல் வந்த குவெஸ்ட் 2 என்ற விஆர் கருவியில், கையில் பிடிக்கும் வளையத்தில் அகச்சிவப்பு விளக்குகள் இருக்கும். தலையில் உள்ள கேமராக்கள் அவற்றைப் பார்த்துக் கை எங்கே, எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று கண்டுபிடிக்கும். கையைக் கண்ணுக்கு நேரே தூக்கி ஒற்றைக் கண்ணால் குறி பார்த்துச் சுடலாம். மிகத் துல்லியம். இத்தனை வருடத் துப்பாக்கி விளையாட்டில் இதுதான் பெரிய முன்னேற்றம் என்று மனதாரச் சொல்வேன். பக்கத்தில் நிற்கிறவருக்கு ஒன்றும் தெரியாது என்பது மட்டும் எனக்குக் குறை. கடைக்காரர் ஒரு டிவியில் இணைத்துக் காட்டினால் அதுவும் தீர்ந்துவிடும்.

ஆனால் இங்கேயும் அதே அலட்சியத்தைப் பார்க்கிறேன். ஒருவர் கழற்றியதை அப்படியே அடுத்தவர் தலையில் மாட்டுகிறார்கள். லென்ஸில் முந்தைய ஆளின் வியர்வை. இரண்டு லென்ஸுக்கும் நடுவே உள்ள இடைவெளியை அவரவர் கண்ணுக்கு ஏற்ப நகர்த்த முடியும், அதை யாரும் நகர்த்துவதில்லை. படம் மங்கலாகத் தெரிந்தால் பிள்ளைக்குச் சொல்லத் தெரியாது. இப்படித்தான் இருக்கும் போல என்று ஆடிவிட்டுத் தலைவலியோடு வருகிறது. உடம்பு நின்றபடி இருக்க, படம் மட்டும் ஓடும் விளையாட்டுகளில் தலைசுற்றலும் வரும். 10 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இது வேண்டாம் என்று குவெஸ்ட் தயாரிக்கும் மெட்டா நிறுவனமே சொல்கிறது. இங்கே அதைவிடச் சின்னப் பிள்ளைகள் தலையிலும் பட்டையை இறுக்கி மாட்டுகிறார்கள். வயதைக் கேளுங்கள், துடையுங்கள், லென்ஸை நகர்த்துங்கள். இதற்கெல்லாம் சேர்த்துத்தானே காசு வாங்குகிறீர்கள்?

துப்பாக்கி விளையாட்டே பிள்ளைகளுக்கு வேண்டாம் என்று சொல்லும் வாசகர்களும் இருப்பார்கள். அவரவர் வீட்டு முடிவு அது, நான் குறுக்கே வரவில்லை. விளையாட அனுமதித்தபிறகு, குறி பார்த்துப் பழகும் பிள்ளையின் கண்ணும் கையும் செய்ததை மெஷின் உள்ளபடி காட்ட வேண்டும்.

கேம் சோன் நடத்துகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். நான் கேட்டவரை, காசுக் கதவின் சாவி சர்வீஸ் கம்பெனி ஆளிடம்தான் இருக்கிறது, அவர் எப்போது வருவார் என்று தெரியாது என்கிறார்கள் பணியாளர்கள். அந்தச் சாவியில் ஒன்றை மெஷின் பக்கத்தில் நாள் முழுக்க நிற்கும் பையன்களில் பொறுப்பான ஒருவரிடம் கொடுங்கள். செட்டிங் செய்வது எப்படி என்று ஒரு தடவை காட்டிக்கொடுங்கள். காலையில் கடை திறந்ததும் ஒவ்வொரு துப்பாக்கியிலும் நாலு மூலைக்கும் சுட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை என்றால் நான் வருகிறேன், காசு வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு டிவி மெக்கானிக்,
பெரம்பூர், சென்னை-11