பம்பைக் கொடுத்து அனுப்பினால் போதுமா?

ஆசிரியருக்கு,

என் பெரியம்மா சிகரெட்டைத் தொட்டதே இல்லை. கொக்கட்டிச்சோலைப் பக்கம் நாற்பது வருடம் விறகடுப்பில் நெல் அவித்து விற்றவர், அந்தப் புகைதான் நுரையீரலைப் பழுதாக்கியது. போன வருடம் இரண்டு தரம் வார்டில் கிடந்தார். இரண்டு தரமும் மருந்தை மூச்சோடு உள்ளிழுக்கும் பம்பும் (இன்ஹேலர்) குளிசையும் தந்து "அலையாம இருங்கோ அம்மா" என்று அனுப்பிவிட்டார்கள். நாங்களும் பாசத்தில் ஒரு வாளி தண்ணீர் அள்ள விடவில்லை. ஆறு மாதத்தில் கிணற்றடிக்குப் போவதே பெரும்பாடாகிவிட்டது.

பிறகு கொழும்பில் மகள் வீட்டில் நின்றபோதுதான் நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சி என்று ஒன்று இருப்பதே தெரிந்தது. வாரம் இரண்டு நாள், எட்டு வாரம். முதல் நாள் 6 நிமிடம் நடக்கவிட்டு எத்தனை மீற்றர் என்று அளந்தார்களாம், அதற்கேற்றபடி நடை, கதிரையில் இருந்து எழும்புவது, தண்ணீர்ப் போத்தல் தூக்குவது, உதட்டைக் குவித்து மெல்ல மூச்சை விடுவது என்று பழக்கினார்கள். (இத்தனை நாளும் பம்பைப் பிழையாகத்தான் அடித்திருக்கிறார், ஒருவரும் கவனிக்கவில்லை!)

பழுதான நுரையீரல் இதனால் திரும்பி வராது, சரி. ஆனால் மூச்சு வாங்குகிறதென்று இருந்த இடத்திலேயே இருந்தால் கால் தசை சோர்ந்துவிடும், சோர்ந்த தசையோடு கொஞ்சம் நடந்தாலே இன்னும் மூச்சு வாங்கும், அதற்குப் பயந்து இன்னும் இருந்துவிடுவோம். பயிற்சி வலுவாக்குவது அந்தத் தசையைத்தான். கொக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பின் 2015 தொகுப்பாய்வு, நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் (மூச்சுக்குழாய் சுருங்கி மூச்சு வாங்கும் நோய், COPD) உள்ள 3822 பேரிடம் செய்த 65 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, மூச்சுத்திணறலும் களைப்பும் குறைவதையும் நடக்கும் வலு கூடுவதையும் காட்டியிருக்கிறது. வார்டில் இருந்து வந்து ஒரு மாதத்துக்குள் தொடங்குவது நல்லது என்கிறார்கள். எங்களிடம் அதை யார் சொன்னார்கள்?

இதற்குப் பெரிய மெஷின் ஒன்றும் வேண்டாம். நீளமான ஒரு விறாந்தை, நாலு கதிரை, விரலில் மாட்டி ஒட்சிசன் பார்க்கும் சின்னக் கருவி, இதில் பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்ட் ஒருவர், அவ்வளவுதான். மட்டக்களப்பு, கல்முனை, அம்பாறை ஆஸ்பத்திரிகளில் வாரத்தில் இரண்டு காலையை இதற்கென்று ஒதுக்குங்கள். எங்காவது ஏற்கெனவே நடக்கிறதென்றால் அதையாவது கிளினிக் கொப்பியில் எழுதி அனுப்புங்கள்.

பெரியம்மா இப்போது கோயிலுக்கு நடந்து போகிறார், வழியில் ஒரு தரம்தான் நிற்கிறார். அவருக்குக் கொழும்பில் மகள் இருந்தாள். நெல் மில்லில் தூசி குடித்த பக்கத்து வீட்டு அண்ணருக்கு அங்கே ஒருவரும் இல்லை, பம்பை மடியில் வைத்துக்கொண்டு திண்ணையிலேயே இருக்கிறார்.

வாசகி ஒருத்தி,
படுவான்கரை, மட்டக்களப்பு