ராஜிக்கு, அந்தக் கஷாயப் பொடி விஷயமாக

அன்புள்ள ராஜி,

வித்யாவுக்கு நாலாம் மாதம் என்று நீ சொன்னதிலிருந்து எனக்குத் தலைகால் புரியவில்லை. கனகுவிடம் சொன்னேன். "ராஜி பாட்டியா? அப்போ அந்தக் குற்றாலம் சபதம் என்ன ஆச்சு?" என்று கேட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். பதிலை நீயே அவளுக்குச் சொல்லிக்கொள். இங்கே எல்லாரும் சௌக்கியம். இவருக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது பேப்பரில் வரி விளம்பரத்தைக்கூட விடுவதில்லை.

போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று யோசிப்பாய். போனில் நீ ஆரம்பித்தால் யாருக்கும் முறை வராது, ஹாஸ்டல் காலத்திலிருந்தே அப்படித்தான். நான் சொல்ல வந்தது, நீ பெங்களூருக்குப் பார்சல் கட்டப்போகும் அந்தப் பொடியைப் பற்றி. நாட்டு மருந்துக் கடையில் பல மூலிகை போட்டு அரைத்துக் கொடுத்தார்கள், தினமும் இரண்டு வேளை கொதிக்கவைத்துக் குடித்தால் சுகப்பிரசவம் என்றாய். என்னென்ன சரக்கு என்று கேட்டேன். "எல்லாம் பச்சிலைதானே, என்ன செய்துவிடும்?" என்றாய். அந்த ஒரு வார்த்தை என்னைத் தூங்கவிடவில்லை.

ஒன்றும் செய்யாது என்றால் அதை எதற்கடி குடிக்க வேண்டும்? சளிக்கு ஆடாதோடை கேட்கிறது என்றால் அந்த இலைக்குள் மருந்து இருக்கிறது என்றுதானே அர்த்தம். அதிலுள்ள வாசிசின் என்ற பொருளுக்குக் கருப்பையைச் சுருங்கவைக்கும் தன்மையும் உண்டு. 2020இல் வீட்டுக்கு வீடு கபசுரக் குடிநீர் குடித்தோமே, அதன் 15 சரக்கில் ஆடாதோடையும் ஒன்று, நிலவேம்பும் ஒன்று. நமக்குச் சரி. வயிற்றில் பிள்ளையோடு இருப்பவள் தானாக எடுத்துக் குடிக்கக் கூடாது. நல்ல சித்த மருத்துவரிடம் போய்க் கர்ப்பம் என்று சொல்லிப் பார், சரக்கையே மாற்றுவார். ஆள் யார், எத்தனை மாதம் என்று கேட்காமல் பொட்டலம் கட்டிக் கொடுப்பதுதான் எனக்குப் பயம்.

என் தங்கை மருமகளுக்கு நடந்ததை உன்னிடம் சொல்லவில்லை அல்லவா? ஆறாம் மாதத்தில் பிரஷர் 150க்கு 95 வந்து நின்றது. கால் வீக்கம், ஒரே அசதி. எல்லாரும் பதறிப்போனோம். ரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் குறைவு. அந்த டாக்டரம்மா நிதானமாக, "வீட்டில் வேறு என்னம்மா குடிக்கிறாய்?" என்று கேட்டார். தொண்டைக் கரகரப்புக்கு என்று ஆரம்பித்து, மாதக்கணக்கில் தினமும் அதிமதுர டீ குடித்திருக்கிறாள். அதை நிறுத்தி, மருந்தும் கொடுத்துப் பார்த்துக்கொண்டார்கள். கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. பிள்ளை நன்றாக இருக்கிறான், கவலைப்படாதே.

அதிமதுரத்தில் கிளிசரைசின் என்று ஒன்று இருக்கிறது. அது உடம்பில் உப்பையும் நீரையும் தங்கவைத்துப் பிரஷரை ஏற்றும். இன்னொன்றும் செய்யும். தாயின் உடம்பில் சுரக்கும் கார்டிசால் என்ற ஹார்மோன் அளவுக்கு மீறிப் பிள்ளைக்குப் போகாமல் நஞ்சுக்கொடி தடுக்கிறது. அந்தத் தடுப்பையே இது தளர்த்திவிடும். பின்லாந்துக்காரர்களுக்கு அதிமதுர மிட்டாய் என்றால் உயிர். அங்கே கர்ப்பத்தில் அதை நிறையத் தின்றவர்களின் பிள்ளைகள் வளர்ந்த பிறகு சோதித்தபோது, அறிவுத்திறன் தேர்வுகளில் பின்தங்கியிருந்தார்கள், கவனக் கோளாறும் கூடுதலாக இருந்தது என்று 2017இல் ஓர் ஆய்வு வந்தது. கர்ப்பிணிகள் அதைத் தவிர்க்கும்படி அந்த நாட்டு சுகாதாரத் துறையே சொல்கிறது. உன் பொடியில் அதிமதுரம் இருக்கிறதா இல்லையா? உனக்கே தெரியாதே ராஜி!

சரி, திட்டி முடித்தேன். குடிக்கக்கூடியதையும் சொல்கிறேன். மசக்கைக்கு இஞ்சி நல்லது. வாந்திக்கு அது கேட்கிறது என்று ஆய்வுகளே சொல்கின்றன. அவற்றில் பெரும்பாலும் நாளைக்கு 1 கிராம் அளவு சுக்குப் பொடிதான் கொடுத்தார்கள். இரண்டு துண்டு இஞ்சி தட்டிப்போட்ட தண்ணீர் போதும், கஷாயமாக வற்றக் காய்ச்ச வேண்டாம். புதினாத் தண்ணீர், சமையலுக்குப் போடும் அளவில் சீரகத் தண்ணீர் எல்லாம் பயமில்லை. சுக்குக் காபியில் கருப்பட்டியைப் பார்த்துப் போடு. கருப்பட்டியும் சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும். வித்யாவுக்குச் சர்க்கரைப் பரிசோதனை ஆகிவிட்டதா?

ஆபீசில் செம்பருத்தி டீ குடிக்கிறாள் என்றாயே, அதை இப்போதைக்கு விடச் சொல். பெட்டியில் வருவது பெரும்பாலும் புளிச்சக்கீரை இனத்துப் பூ. பிரஷரைக் குறைக்கும். கர்ப்பிணிகளுக்கு அதைக் கொடுத்துப் போதுமான அளவு பார்த்ததில்லை. நம் வீட்டுச் செம்பருத்திப் பூவையோ கரு தங்காமலிருக்க நாட்டு வைத்தியத்தில் கொடுத்திருக்கிறார்கள். உடம்பு இளைக்க என்று விற்கும் டீயைத் தொடவே கூடாது. பலவற்றில் நிலாவரை இருக்கும், வயிற்றைக் கலக்கிவிடும். கிரீன் டீயில் காஃபின் உண்டு. காபி, டீ எல்லாம் சேர்த்து நாளைக்கு 200 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். இங்கிலாந்தில் மூலிகை டீயே 4 கப்புக்கு மேல் வேண்டாம் என்கிறார்கள்.

அப்புறம், இரும்புச்சத்து மாத்திரை. நான் சப்-சென்டரில், அதாவது துணை சுகாதார நிலையத்தில், வேலையில் இருந்தபோது இதைச் சொல்லிச் சொல்லியே தொண்டை வற்றியது. மாத்திரையை விழுங்கிவிட்டு உடனே டீ குடித்தால் அந்தச் சத்து உடம்பில் சரியாகச் சேராது. ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடிக்கட்டும். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் நம் நாட்டுக் கர்ப்பிணிகளில் 52.2 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. படித்த வீடு, பெங்களூரு வேலை என்றெல்லாம் பார்த்து அது வராமல் இருக்காது.

ஒன்பதாம் மாதம் நீ அங்கே போய் இருக்கும்போது, வலி வந்தால் பொய் வலியா நிஜ வலியா என்று பார்க்கச் சீரகக் கஷாயம் வைக்க உட்காராதே. உன் மாமியார் வைத்தார், என் அம்மாவும் வைத்தார், அப்போது ஆஸ்பத்திரி பத்து மைலில் இருந்தது. தண்ணீர்க்குடம் உடைந்தாலோ, ரத்தம் பட்டாலோ, பிள்ளை அசைவு குறைந்தாலோ அடுப்பைப் பற்றவைக்காமல் வண்டியைக் கூப்பிடு. கஷாயம் வேலை செய்யட்டும் என்று காத்திருந்து தாமதமாக வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன், ராஜி. அதை எழுதக்கூட எனக்குக் கை வரவில்லை.

இப்போது நீ செய்ய வேண்டியது, பொடியை அனுப்பாதே. கடைக்காரரிடம் என்னென்ன சரக்கு என்று எழுதி வாங்கு. வாங்கிய சீட்டைப் போட்டோ எடுத்து எனக்கும் வித்யாவுக்கும் அனுப்பு. அவள் அதை அவளுடைய டாக்டரிடம் காட்டட்டும். அவர் வேண்டாம் என்றால் கோபித்துக்கொள்ளாதே. அவளுக்கு உன் கையால் ஏதாவது அனுப்ப வேண்டும் என்ற தவிப்பு எனக்குப் புரிகிறது. நார்த்தங்காய் ஊறுகாய் கொஞ்சமாக அனுப்பு, பருப்புப் பொடி அனுப்பு, பிள்ளை சந்தோஷமாகச் சாப்பிடுவாள்.

வளைகாப்புத் தேதி முடிவானதும் முதல் போன் எனக்குத்தான் வர வேண்டும். பெங்களூரு ரயிலில் கடைசி நேரத்தில் டிக்கெட் கிடைக்காது, கனகு வேறு கீழ் பெர்த் இல்லாமல் வரமாட்டாள்.

உன்
சாந்தா