நீங்கள் வண்ணம் பூசிய இடத்தில்தான் நாங்கள் குடியிருக்கிறோம்

எங்கள் ஊர் பிளானிங் போர்டு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். கருத்துக் கேட்புக் கூட்டத்தில் ஆளுக்கு மூன்று நிமிடம்தான் தருகிறீர்கள். தமிழில் எழுதினால் யாரும் மணி அடிக்கப் போவதில்லை என்பதால் இங்கே எழுதுகிறேன். படித்துச் சொல்ல நம் ஊரில் ஆளுக்குக் குறைவில்லை.

பாஸ்டன் வட்டார ரயில், பஸ் சேவை (எம்.பி.டி.ஏ.) எட்டும் மாசசூசெட்ஸ் ஊர்கள் அடுக்குமாடி வீடுகளுக்கு இடம் வகுத்தே ஆக வேண்டும் என்கிற எம்.பி.டி.ஏ. சமூகங்கள் சட்டத்தைப் பற்றி உங்களுக்கு நான் பாடம் நடத்த வேண்டியதில்லை. 2021 ஜனவரியில் கவர்னர் பேக்கர் கையெழுத்துப் போட்டதிலிருந்து தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தீர்கள். 2024 பிப்ரவரியில் மில்டன் ஊர்க்காரர்கள் வாக்கெடுப்பு வைத்து, சட்டப்படி போட்ட தங்கள் ஊர்த் திட்டத்தை நிராகரித்தபோது உங்களுக்கும் தெம்பு வந்தது. மறு ஜனவரியில் மாநில உச்ச நீதிமன்றம், சட்டம் செல்லும், அட்டர்னி ஜெனரல் வழக்குப் போடலாம் என்று சொன்ன பிறகுதான் வரைபடத்தையே விரித்தீர்கள். சரி, அந்த மட்டிலும் சந்தோஷம்.

விரித்ததைப் பார்த்தேன். ஏக்கருக்கு 15 வீடு, தனி அனுமதி வேண்டாம், வயது வரம்பு கிடையாது என்று எல்லாம் சட்டப்படிதான் இருக்கிறது. ஆனால் அந்த வீடுகளுக்கான இடம் என்று நீங்கள் ஆரஞ்சு நிறம் பூசியிருப்பதில் பெரும்பகுதி எங்கள் அபார்ட்மென்ட் வளாகம். அங்கே ஏற்கெனவே வீடுகள் இருக்கின்றன, எல்லாவற்றிலும் ஆட்கள் இருக்கிறார்கள், காலியானால் வரக் காத்திருப்போர் பட்டியலும் இருக்கிறது. எத்தனை வீடு கட்டலாம் என்று கணக்குப் போடும்போது நிலத்தில் என்ன நிற்கிறது என்று பார்க்காமல் வெறும் நிலமாகவே எடுத்துக்கொள்ளலாம் என்று மாநில விதி விட்டுவைத்த ஓட்டையை மிகச் சரியாகக் கண்டுபிடித்திருக்கிறீர்கள். புதிதாக ஒரு செங்கல்கூட வைக்காமல் சட்டத்துக்குக் கீழ்ப்படிந்தாயிற்று.

ஸ்டேஷனிலிருந்து அரை மைல் என்கிறீர்கள். ஸ்கேல் வைத்து அளந்தால் உண்மைதான். ஒருநாள் நடந்து பாருங்கள். வளாகத்தின் வாசலோடு நடைபாதை முடிந்துவிடும். அப்புறம் சாலையோர வெள்ளைக்கோடுதான். பனிக்காலத்தில் அதுவும் இல்லை. பனி தள்ளும் வண்டி ஒதுக்கியதெல்லாம் அந்தக் கோட்டின் மேல் குவிந்து, இரவில் இறுகி, ஒரு வாரத்தில் கறுத்துப் பாறையாகிவிடும். ரயில் பிடிக்கப் போகிறவர்கள் காரோடு காராக நடக்கிறோம். நெடுஞ்சாலைப் பாலத்தடியில் லாரி வந்தால் பனிச்சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும், கையில் பிள்ளையைப் பிடித்தபடி. ஸ்டேஷனுக்கு நேர் எதிரே என்ன இருக்கிறது? மூடிப்போன மெத்தைக் கடை, ஒரு நெயில் சலூன், எந்நேரமும் பாதி காலியாகக் கிடக்கும் பார்க்கிங். அதன்மேல் ஒரு சொட்டு ஆரஞ்சு இல்லை.

நான் கேட்பது இதுதான்: அந்த நிறத்தை ஸ்டேஷன் எதிரே கொண்டுபோங்கள்.

லீஸ் புதுப்பிக்கும்போது வாடகை எவ்வளவு ஏறினாலும் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறோம். இந்த வளாகத்தை விட்டால் ஊரில் வேறு போக்கிடம் இல்லை. பக்கத்து ஊருக்குப் போனால் மகளுக்குப் பள்ளி மாறும். சென்ற கூட்டத்தில் ஒருவர் எழுந்து, அபார்ட்மென்ட் வந்தால் பிள்ளைகள் வருவார்கள், பள்ளிக்கூடம் தாங்காது என்றார். நீங்களும் தலையாட்டினீர்கள். அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி என் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள்.

நீங்கள் எங்கிருந்து வந்திருந்தாலும் எங்கள் அண்டை வீட்டாராக இருப்பதில் மகிழ்ச்சி என்று மூன்று மொழிகளில் எழுதிய பலகை, அப்படி எழுந்து பேசியவர் வீட்டுப் புல்வெளியில் நிற்கிறது. அதை ஒட்டியே ஸோனிங் (இந்த நில வகை மாற்றம்) வேண்டாம் என்ற பலகையும் நிற்கிறது. அவரை மட்டும் சொல்லி என்ன? நம்மவர்களில் வீடு வாங்கிவிட்ட அண்ணன்மார் சிலரும் வாட்ஸப் குழுவில் அதே பாட்டுத்தான் பாடுகிறார்கள், இதே வளாகத்தில் வாடகைக்கு இருந்தவர்கள். லெக்சிங்டனைப் பார் என்று பயமுறுத்துகிறார்கள். லெக்சிங்டன் ஊர் 2023இல் 200 ஏக்கருக்கு மேல் இப்படி அடுக்குமாடிக்குத் திறந்துவிட்டு, விண்ணப்பங்கள் குவிந்ததும் 2025இல் சுருக்கிக்கொண்டது உண்மைதான். அப்படியானால் கட்டவும் ஆள் இருக்கிறது, குடிவரவும் ஆள் இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

இதை ஓட்டுப் போட்டு முடிவு செய்யும் டவுன் மீட்டிங்கில் எனக்கு ஓட்டு இல்லை. கிரீன் கார்டுக்கே இன்னும் வரிசையில் நிற்கிறோம், குடியுரிமையெல்லாம் எங்கே. ஓட்டில்லாதவர்களுக்கு ஓரமாகப் போட்ட நாற்காலியில் இருப்பேன். பேசுவதற்குக் கூட்டத்தை நடத்தும் மாடரேட்டர் மனம் வைக்க வேண்டும். ஓட்டுள்ள உங்களுக்கோ, மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு கிடைக்காது என்று சொல்லவும் வழியில்லை. இந்த வகைத் திருத்தத்துக்குச் சாதாரணப் பெரும்பான்மையே போதும்.

எங்கேயோ போய்விட்டேன். கேட்க வந்ததை மறுபடியும் பணிவாகவே கேட்டுவிடுகிறேன். டவுன் மீட்டிங்குக்கு முன், ஸ்டேஷன் எதிரிலுள்ள கடை வரிசையையும் அதன் பார்க்கிங்கையும் சேர்த்து இன்னொரு வரைபடம் போட்டு, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். பாலத்தடியில் நடைபாதையும் போட்டுத் தந்தால் நன்றி. அதற்குத் தனி விண்ணப்பம் வேண்டுமென்றால் படிவத்தை அனுப்பிவையுங்கள்.

இப்படிக்கு,
ஆரஞ்சு நிறத்துக்குள் குடியிருக்கும் ஒருத்தி