கிளி கடித்த விரல்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். செல்லப் பிராணிகளைப் பற்றி உங்கள் இதழில் வரும் பகுதியை விடாமல் படிக்கிறேன். நாய்க்கடி, பூனைக் கீறல் பற்றியெல்லாம் விளக்கமாக எழுதுகிறீர்கள். பறவை கடித்தால் என்ன செய்வது என்று மட்டும் இதுவரை ஒரு வரி கூட என் கண்ணில் படவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

மூன்று வருடத்துக்கு முன் எங்கள் வீட்டுக் கிளி என் வலது ஆள்காட்டி விரலைக் கடித்தது. கூண்டுக்குள் கைவிட்டுத் தண்ணீர்க் கிண்ணத்தை மாற்றியபோது பயத்தில் கவ்விவிட்டது. அதன் மீது தப்பில்லை. வெடுக்கென்று கையை இழுத்தது என் தப்பு. கிளியின் மேல் அலகு கொக்கி மாதிரி, மண்டையோட்டோடு சேரும் இடத்தில் தனியாக அசையும். கீழ் அலகு உளி மாதிரி. ஒன்று குத்திப் பிடிக்கும், இன்னொன்று நசுக்கும், நாம் இழுத்தால் கிழியும். விரலின் சதைப்பக்கம் கடுகளவு ஓட்டை, நகத்தின் அடியில் ஒரு பிளவு. அவ்வளவுதான் தெரிந்தது. "கிளிதானே, சரியாப் போயிடும்" என்றார்கள் எல்லாரும். முதலில் போன மருத்துவமனையிலும் கட்டுப் போட்டு அனுப்பிவிட்டார்கள். இரண்டு நாள் கழித்து வந்து காட்டு என்று யாரும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் விரல் முழுக்க ஒரே சீராக வீங்கி, பாதி மடங்கிய நிலையிலேயே நின்றது. அடுத்தவர் தொட்டு நிமிர்த்தினால் உயிர் போகிற வலி. உள்ளங்கைப் பக்கம் விரல் நெடுக எங்கே அழுத்தினாலும் வலி. இந்த நான்கும் சேர்ந்தால், தசையை எலும்போடு இணைக்கும் நாரான தசைநாணைச் சுற்றியுள்ள உறைக்குள் சீழ் பிடித்திருக்கிறது என்று சந்தேகிக்க வேண்டுமாம். ஆலன் கனவெல் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் நூறு வருடத்துக்கு முன் வகுத்த அடையாளங்கள் இவை என்று இரண்டாவதாகப் பார்த்த மருத்துவர் சொன்னார். அன்றைக்கே விரலைத் திறந்து கழுவினார்கள். அலகு போட்ட ஓட்டை வெளியே சிறியது. உள்ளே எவ்வளவு ஆழம் போயிருக்கிறது, எதைக் கொண்டுபோய் விட்டிருக்கிறது என்பது மேலே பார்த்தால் தெரிவதில்லை.

காயம் மூன்று வாரத்தில் மூடிவிட்டது. அதோடு முடிந்தது என்று நினைத்தேன். வலிக்குப் பயந்து விரலை அசைக்காமல் வைத்திருந்ததில் தசைநாண் சுற்றியுள்ள திசுவோடு ஒட்டிக்கொண்டது. பிசியோதெரபிக்கு நான் போனது மிகத் தாமதம். இன்றும் கையை இறுக்கி மூடினால் அந்த ஒரு விரல் உள்ளங்கையைத் தொடாமல் நிற்கிறது. கடியில் விரலின் உணர்வு நரம்பும் அறுந்திருந்தது. அறுந்த நரம்பு, வளர்ந்தால், நாளைக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர் வளரும். எனக்கு விரல் நுனியில் உணர்ச்சி பாதிதான் திரும்பியது. சட்டைப்பைக்குள் கைவிட்டால் நாணயம் எது, சாவி எது என்று அந்த நுனிக்குத் தெரியாது. ஆனால் குளிர்ந்த தண்ணீர் பட்டால் மட்டும் சுரீர் என்கிறது. நகம் மாதம் 3 மில்லிமீட்டர் அளவில் வளர்ந்து ஆறு மாதத்தில் புதிதாக வந்தது, நடுவில் ஒரு வரப்போடு. நகம் முளைக்கும் இடமே அடிபட்டுவிட்டதால் அது இனி போகாது.

இதில் வேடிக்கை, நாய்க்கடி ஊசி போடச்சொல்லி என்னைப் பயமுறுத்தியவர்கள் ஏழெட்டுப் பேர். ரேபிஸ் பாலூட்டிகளின் நோய், கிளி கடித்து வராது. கேட்டிருக்க வேண்டியது டெட்டனஸ் ஊசி. அழுக்கான, ஆழமான காயம் என்றால், கடைசியாகப் போட்டு 5 வருடம் தாண்டியிருந்தாலே மறுபடி போடவேண்டும். அதை ஒருவரும் கேட்கவில்லை. அப்புறம், கிளிக் காய்ச்சல் என்று ஒன்று இருக்கிறது. அது கடியால் வருவது அபூர்வம், காய்ந்த எச்சத்தின் தூசியை மூச்சில் இழுப்பதால்தான் பெரும்பாலும் வரும். கடுமையான தலைவலி, வறட்டு இருமலோடு காய்ச்சல் வந்தால் வீட்டில் பறவை இருப்பதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அதற்கான மருந்தே வேறு.

கடித்தவுடன் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் ஐந்து நிமிடமாவது கழுவியிருக்க வேண்டும். வீங்குவதற்குள் மோதிரத்தைக் கழற்றி, கையை நெஞ்சுக்கு மேலே தூக்கி வைத்திருக்க வேண்டும். நான் ஒன்றுமே செய்யவில்லை. கண்ணருகில் கொத்தினாலோ, மூட்டில் ஆழமாக இறங்கினாலோ, கடிபட்டவருக்குச் சர்க்கரை நோய் இருந்தாலோ, அன்றைக்கே மருத்துவரைப் பார்ப்பதுதான் சரி.

கை அறுவை மருத்துவர் ஒருவரையும், கைக்கென்றே பயிற்சி தரும் பிசியோதெரபிஸ்ட் ஒருவரையும் எழுதவைத்து ஒரு பக்கம் வெளியிடுவீர்களா? காயம் ஆறிய பிறகு எந்தப் பயிற்சியை எப்போது தொடங்குவது என்பதை முக்கியமாகச் சொல்லச் சொல்லுங்கள்.

கிளி நன்றாக இருக்கிறது. கிண்ணத்தை இப்போது கூண்டுக்கு வெளியிலிருந்தே மாற்றும்படி மாட்டியிருக்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்