மூன்றாவது அடி

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, மாடிப்படி மட்டும் ஏறுவதில்லை. தம்பி போன வாரம் வந்துவிட்டுப் போனான். ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டபோது நான் வீட்டில் இல்லை. நாலு நிமிஷம் பேசினாயாம். "நல்லாத்தான் இருக்கா" என்றாள் அம்மா. சொல்லிவிட்டு, ஏற்கெனவே புடைத்து வைத்த அரிசியை மறுபடி எடுத்துப் புடைத்துக்கொண்டிருந்தாள். ராத்திரி சாப்பிடாமல் படுக்காதே தாயி. டப்ளின் குளிருக்கு வெறும் வயிறு ஆகாது.

நான் போயிருந்த இடத்தை அம்மா உன்னிடம் சரியாகச் சொல்லியிருக்க மாட்டாள். பாட்டு கிளாசுக்குப் போயிருக்கார் என்றிருப்பாள். ரயில்வே லைனுக்கு அந்தப் பக்கம் இருக்கிற மாநகராட்சிப் பள்ளியில் ஒரு நாள் முழுக்க எல்லாரும் சேர்ந்து பாடிப் பழகுகிற நிகழ்ச்சி வைத்திருந்தார்கள். கட்டணம் கிடையாது. மதியம் எலுமிச்சம்பழச் சோறும் தயிர்ச் சோறும் அவர்களே கொடுத்தார்கள். பாடத் தெரிந்திருக்க வேண்டியதில்லை என்று நோட்டீசிலேயே கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. எதிர்வீட்டு வாத்தியார்தான் கையைப் பிடித்துக் கூட்டிப்போனார். ஒவ்வொரு வகுப்பறையிலும் ஒவ்வொரு விதமான பாட்டு, முக்கால் மணி நேரம். மணி அடித்ததும் அடுத்த அறைக்குப் போகலாம். பிள்ளைகள் உட்காரும் பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தோம்.

முதல் அறையில் ஒரு ஓதுவார். சம்பந்தர் நம்ம மதுரையில் பாண்டியனுடைய வெப்பு நோய் தீரப் பாடினாரே, அந்தத் திருநீற்றுப் பதிகம். பண் காந்தாரம், இன்றைக்கு நவரோஜ் ராகத்தில் பாடுகிறோம் என்றார். அவர் ஒரு வரி, நாங்கள் ஒரு வரி. கோயில் ஒலிபெருக்கியில் எத்தனையோ வருஷமாகக் காதில் விழுந்த பதிகம், என் வாயில் வந்தது அன்றைக்குத்தான்.

அடுத்த அறையில் சௌராஷ்டிர பஜனை. நடனகோபால நாயகி சுவாமிகள் நம்ம ஊர்க்காரர்தான் (1843–1914). தன்னையே நாயகியாக நினைத்துக்கொண்டு கண்ணனைப் பாடியவர். எனக்கு அந்த பாஷையில் ஒரு வார்த்தை தெரியாது. ஆனாலும் முன்னால் ஒருவர் சொல்ல, பின்னால் நூறு பேர் வாங்கிப் பாட, ஜால்ராச் சத்தம் ஏற ஏற, தெரியாத வார்த்தையும் தானாக வாயில் வந்துவிடுகிறது. உன்னோடு படித்த கீழவாசல் பிள்ளையின் அம்மா அங்கே இருந்தார். உன்னைக் கேட்டார். "அவதான் உங்க வீட்லயே குரலு உள்ள பிள்ள"ன்னு பக்கத்தில் இருந்தவர்களிடமெல்லாம் சொன்னார். எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது. எப்ப வர்றா என்றார். சித்திரைத் திருவிழாவுக்கு என்று சொல்லிவிட்டேன். நீ அப்படி ஒன்றும் சொல்லவில்லை. பொங்கலுக்கும் வரவில்லை, அதற்கு முந்தின பொங்கலுக்கும் வரவில்லை. வேலை என்றாய். வேலை எல்லாருக்கும்தான் இருக்கிறது.

நாகூர்ப் பாட்டு அறைக்குள் நுழைய இடமில்லை, அவ்வளவு கூட்டம். வராந்தாவில் நின்று தாயிராக் கொட்டின் அடியை மட்டும் கேட்டேன். தொண்டிப் பக்கத்துக் குணங்குடியில் பிறந்த மஸ்தான் சாகிபு பாட்டு என்றார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு சேர்ந்திசை. சொல்லிக்கொடுத்த பையனுக்குத் தம்பி வயதுதான் இருக்கும். இசையமைப்பாளர் எம்.பி.சீனிவாசன் சென்னையில் இளைஞர்களைக் கூட்டி ஆரம்பித்த சேர்ந்திசைக் குழுவைப் பற்றிச் சொன்னான். 1988இல் அவர் இறந்தாராம். பேரில் உள்ள எம் மானாமதுரையைக் குறிக்கிறது என்றான். எங்களை நாலாகப் பிரித்து ஆளுக்கொரு மெட்டு கொடுத்தான். என்னைக் கீழ்க்குரலில் போட்டான். எங்கள் வரி மொத்தமே மூன்று சுரம்தான், தனியாகப் பாடினால் பாட்டு மாதிரியே இல்லை. ஆனால் நாலு பக்கமும் ஒன்றாகச் சேர்ந்தபோது அந்த மூன்று சுரம் இல்லாமல் மேலே ஒன்றும் நிற்காது என்று எனக்கே தெரிந்தது. பக்கத்து ஆள் பாடுவதைக் கேளுங்கள், ஆனால் அவர் வரிக்குப் போய்விடாதீர்கள் என்று சொல்லிக்கொண்டே இருந்தான்.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். ஐந்து வாரமாக வீடியோவில் அவர் முகம் பார்க்கவில்லை. வேலை நேரம் மாறியிருக்கும். உனக்குப் பின்னால் தெரிகிற சுவர் வேறு நிறமாக இருக்கிறது என்கிறாள் அம்மா. வெளிச்சம் அப்படி விழும் என்று நான் சொல்லி வைத்திருக்கிறேன். ராத்திரி ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுப் படு.

கடைசி மணிக்கு எதிர்வீட்டு வாத்தியார் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். நான் கிளம்பவில்லை. ஐந்தாம் வகுப்பு 'அ' பிரிவுக் கதவில் ஒப்பாரி என்று சாக்பீசில் எழுதியிருந்தது. தாண்டிப் போனேன், திரும்பி வந்தேன், மறுபடி தாண்டிப் போனேன்.

உள்ளே பெஞ்சையெல்லாம் ஓரமாக ஒதுக்கிவிட்டுத் தரையில் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் உசிலம்பட்டிப் பக்கத்து அம்மா ஒருவர். அறுபத்தைந்து வயது இருக்கும், காதில் தண்டட்டி தொங்கிய துளை. ஆம்பளைகள் என்னையும் சேர்த்து மூன்று பேர். "நின்னு பாக்குறதுக்கு இதுல ஒண்ணுமில்லய்யா, உக்காருங்க" என்றார். உட்கார்ந்தேன். பக்கத்து ஆள் தோளில் கையைப் போடச் சொன்னார். மொத அடியில வாழ்ந்த வாழ்வச் சொல்லணும், மறு அடியில அது போனதச் சொல்லணும், கடைசியில இழுக்கும்போது எல்லாரும் சேந்துக்கணும், அம்புட்டுத்தான் என்றார். ஒரு சின்னப் பெண், கல்லூரி மாணவி போல, செத்தவர் யாரென்றே தெரியாமல் எப்படி அழமுடியும் என்று கேட்டாள். அதற்கு அந்த அம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "எழவு வீட்ல செத்தவுகளுக்கு மட்டுமா அழுறோம்? கட்டுன இடத்துல பட்டது, பெறந்த வீட்ல சொல்ல முடியாதது, எல்லாத்தையும் அதுலதான் போட்டு அழுகுறது. ஏண்டி அழுகுறன்னு அங்க ஒருத்தரும் கேக்க மாட்டாக."

அதற்குமேல் எனக்குக் காது அடைத்துக்கொண்டது.

உனக்கு அப்போது பதினொரு வயது. உன் அப்பத்தாவைக் கொட்டகையில் கிடத்தியிருந்தது. பொம்பளைகள் மாரடித்துக்கொண்டிருந்த வட்டத்துக்குள் நீ போய்ச் செக்கானூரணி அத்தை தோளில் கைபோட்டு உட்கார்ந்தாய். நீயாகத்தான் எடுத்தாய். தாத்தாவுக்கு அப்பத்தா பாடினது, திண்ணையில் உன்னை மடியில் போட்டு அவள் முனகிக்கொண்டிருப்பது.

கல்லப் பேத்தெடுத்துக் கெணறு வெட்டுன மகராசா
தண்ணி சொரக்குமுன்னே தாகமாப் போனீகளே

கூட்டம் அப்படியே அமர்ந்துவிட்டது. மாரடித்த கைகள் நின்றுவிட்டன. வெளியே பந்தலில் என் ஆபீசிலிருந்து வந்தவர்கள் மாலையோடு உட்கார்ந்திருந்தார்கள். எங்கம்மாவை எழவு வீடுகளுக்கு ஒப்பாரி பாடக் கூட்டிப்போக ஆள் வரும் என்று அவர்களில் ஒருவருக்கும் தெரியாது. அம்மா விவசாயம் பார்க்கிறாள் என்றுதான் இருபது வருஷமாகச் சொல்லி வைத்திருந்தேன். நான் உள்ளே வந்து உன் கையைப் பிடித்து இழுத்தேன். கண்ணாடி வளையல் உடைந்து உன் மணிக்கட்டில் கீறி ரத்தம் வந்தது. "அழுகணும்னா வாய மூடிக்கிட்டு அழு" என்றேன். பொம்பளைகள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நீ பார்க்கவில்லை.

அன்றைக்கு நீ மூன்றாவது அடியை எடுக்கப் போகும்போதுதான் இழுத்தேன்.

அதற்கப்புறம் நீ சத்தம் போட்டு அழுது நான் பார்த்ததில்லை. பத்தாம் வகுப்பில் மஞ்சள் காமாலை வந்து கிடந்தபோதும் இல்லை, கல்யாணத்தன்று வழியனுப்பும்போதும் இல்லை. கல்மனசுக்காரி என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். என் மகளுக்குத் தைரியம் அதிகம் என்று நான் பெருமையாகப் பேசினேன். அது தைரியம் இல்லை தாயி. நான் சொன்ன சொல்லைத்தான் இன்றுவரை கேட்டு நடந்துகொண்டிருக்கிறாயோ என்று அந்த ஐந்தாம் வகுப்புத் தரையில் உட்கார்ந்தபோதுதான் எனக்குத் தோன்றியது. அப்பன் சொன்ன எத்தனையோ சொல்லை நீ கேட்கவில்லை. கேட்டிருக்கக் கூடாத அந்த ஒரு சொல்லை மட்டும் கேட்டுவிட்டாய்.

என் முறை வந்தது. யாருக்கய்யா அழப்போறீக என்று அந்த அம்மா கேட்டார். எங்கம்மாவுக்கு என்றேன். அப்பத்தா செத்து இத்தனை வருஷத்தில் நான் வாய்விட்டு அழுததில்லை. அவளுடைய இரண்டு அடியைப் பாடினேன். தொண்டை கரகரத்துப் பாதியில் நின்றது. பக்கத்தில் இருந்தவர் என் தோளை இறுக்கிப் பிடித்து இழுவையை எடுத்துக்கொண்டார். அப்புறம் அந்த வட்டமே எடுத்துக்கொண்டது. தப்பு தப்பாகத்தான் பாடினேன், யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பெரிய சத்தமாக அழுதேன். அம்மாவிடம் இதை இன்னும் சொல்லவில்லை.

உன்னிடம் நான் ஒன்றும் கேட்கப் போவதில்லை. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல் என்று மேலே எழுதியிருக்கிறேன். சொல்ல வேண்டாம் என்று உனக்குத் தோன்றினால் சொல்ல வேண்டாம். உன் அறையை ஒழித்து வைத்திருக்கிறோம், தம்பி சைக்கிளைக் கீழே இறக்கிவிட்டேன். சும்மா சொல்கிறேன். ராத்திரி கஞ்சியாவது குடி.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அந்த மூன்றாவது அடி எனக்கு வரவில்லை. தண்ணி இறைக்கிற கமலையைப் பற்றி ஏதோ வரும், வடக்கயிறு என்ற வார்த்தை மட்டும் நினைவில் நிற்கிறது. செக்கானூரணி அத்தையிடம் கேட்கலாம் என்றால் அவளும் போய்ச் சேர்ந்துவிட்டாள். நம் வீட்டில் இனி அது தெரிந்த ஆள் நீ ஒருத்திதான். ஞாயிற்றுக்கிழமை வரை பார்க்காதே, இங்கே நடுச்சாமமாக இருந்தாலும் கூப்பிடு. போனைத் தலைமாட்டில் வைத்துக்கொள்கிறேன். மொட்டைமாடிக்குப் போய்ப் பேசுகிறேன், அம்மாவால் படி ஏற முடியாது. நீ அந்த அடியைப் பாடு. மற்றதை எடுத்துப் பாடினாலும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இடையில் நிறுத்த மாட்டேன்.

அப்பா