விசா வேண்டாம் என்றால் ஒன்றுமே வேண்டாம் என்று அர்த்தமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில், இந்தியர்கள் விசா எடுக்காமலே சுற்றுலா போய்வரக்கூடிய நாடுகள் என்று இரண்டு பக்கம் போட்டிருந்தீர்கள். மலேசியா, மொரீஷியஸ், கென்யா என்று படங்கள் அருமை. எங்கள் வீட்டில் பேரன் அந்தச் சிங்கம் இருக்கும் பக்கத்தை மட்டும் கிழித்து வைத்துக்கொண்டான். ஆனால் படித்து முடித்தபோது எனக்கு ஒரு குறை தோன்றியது. விசா தேவையில்லை என்பதற்கும் ஒன்றுமே தேவையில்லை என்பதற்கும் நடுவில் எவ்வளவோ இருக்கிறது. அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

நான் லிங்கிச் செட்டித் தெருவில் கப்பல் சரக்குக்குச் சுங்கப் பேப்பர் பார்க்கும் ஒரு கிளியரிங் ஆபீசில் 34 வருஷம் குப்பை கொட்டியவன். பில்லில் ஓர் எழுத்து மாறியதற்காகக் கன்டெய்னர் வாரக்கணக்கில் ஹார்பரில் கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். அதனால் யாராவது வெளிநாடு கிளம்புகிறார்கள் என்றால் ஊர் எப்படி இருக்கும் என்று கேட்க மாட்டேன், பேப்பரெல்லாம் சரியா என்றுதான் கேட்பேன். வீட்டில் இதற்காகத் திட்டும் வாங்குகிறேன்.

போன வருஷம் தண்டையார்பேட்டையில் இருக்கும் என் தங்கையும் அவள் வீட்டுக்காரரும் நைரோபி கிளம்பினார்கள். பையன் அங்கே வேலையில் இருக்கிறான். டிக்கெட் போட்டாயிற்று, கென்யாவுக்கு விசாவுக்குப் பதிலாக இணையத்தில் வாங்கும் முன்அனுமதியும் கையில் வந்தாயிற்று. கிளம்ப ஒன்பது நாள் இருக்கும்போது பார்க்கப் போனேன். வடகம், ஊறுகாய், அப்பளக்கட்டு என்று கூடம் முழுக்கப் பரப்பி வைத்திருந்தாள்.

"ஊசி போட்டாச்சா?" என்றேன்.

"என்ன ஊசிண்ணா? கொரோனா ஊசியா? அதான் மூணு போட்டிருக்கமே."

டிக்கெட் போட்டுக் கொடுத்தவர் மஞ்சள் காய்ச்சல் ஊசியைப் பற்றி வாயே திறக்கவில்லை. இதில் வேடிக்கை என்னவென்றால், இந்தியாவிலிருந்து நேராகப் போகிறவரிடம் கென்யா சட்டப்படி இந்த ஊசி போட்டதற்கான சான்றிதழைக் கேட்பதில்லை, ஏனென்றால் நம் நாட்டில் அந்தக் காய்ச்சல் கிடையாது. திரும்பி வரும்போது கேட்கப்போவது நம் நாடுதான். கென்யா, உகாண்டா, எத்தியோப்பியா, நைஜீரியா, பிரேசில் மாதிரி அந்தக் காய்ச்சல் உள்ள நாடுகளிலிருந்து சான்றிதழ் இல்லாமல் வந்து இறங்கினால், அவர் நம் குடிமகனாகவே இருந்தாலும் விமான நிலையத்திலிருந்து வீட்டுக்கு விட மாட்டார்கள். அதிகபட்சம் 6 நாள் வரை தனியே வைத்துக் கண்காணிப்பார்கள். அந்தக் கிருமி உடம்பில் இருந்தால் அந்த 6 நாளுக்குள் காட்டிக்கொடுத்துவிடும் என்பது கணக்கு. வேறு ஊருக்குப் போகும் வழியில் இந்த நாடுகளில் விமானம் மாறுகிறவர்களும் சுதாரிப்பாக இருக்க வேண்டும். விமான நிலையத்தை விட்டு வெளியே வரவே இல்லை என்றால் விலக்கு உண்டு, ஆனால் அதை நம் சுகாதார அதிகாரி ஒப்புக்கொள்ள வேண்டும்.

நம் அரசு இதில் இவ்வளவு கறாராக இருப்பதற்குக் காரணம் எங்கள் தெருவிலேயே இருக்கிறது. மஞ்சள் காய்ச்சலைப் பரப்புவது ஏடிஸ் கொசு. டெங்குவைப் பரப்பும் அதே ஆள். வியாசர்பாடியிலும் கொருக்குப்பேட்டையிலும் லாரித் தண்ணீர் பிடித்து வைத்த டிரம்மை நாலு நாள் மூடாமல் விட்டால் உள்ளே நெளியுமே, அதுதான். கிருமி மட்டும்தான் இன்னும் வரவில்லை. காய்ச்சலோடு ஒருவர் வந்து இறங்கினால் மீதி வேலையை நம் டிரம் பார்த்துக்கொள்ளும்.

சரி, தங்கை கதைக்கு வருகிறேன். ஊசி போட்ட 10 நாள் கழித்துத்தான் அந்தச் சான்றிதழ் செல்லும். அவர்கள் அங்கே மூன்று வாரம் தங்கப் போவதால் திரும்பும்போது செல்லுபடியாகிவிடும், அந்தக் கணக்கு இடிக்கவில்லை. ஆனால் தங்கை வீட்டுக்காரருக்கு 63 வயது, சர்க்கரையும் உண்டு. இது உயிருள்ள கிருமியைப் பலவீனப்படுத்திச் செய்த தடுப்பூசி. 60 தாண்டியவர்களுக்கு முதல் தடவையாகப் போடும்போது பக்கவிளைவு வரும் வாய்ப்பு கொஞ்சம் கூடுதல் என்பதால் டாக்டர்கள் யோசித்துத்தான் போடுவார்கள். அவரைப் பார்த்த டாக்டர் ரிப்போர்ட் எல்லாம் கொண்டுவரச் சொன்னார். முட்டை ஒத்துக்கொள்ளுமா என்றும் கேட்டார். அந்த மருந்தைக் கோழி முட்டைக் கருவில்தான் வளர்க்கிறார்கள், அதனால் முட்டை அலர்ஜி உள்ளவர்களுக்கு ஆகாது. "ஆம்லெட் இல்லன்னா எனக்கு ராத்திரி சோறே எறங்காது டாக்டர்" என்றார் இவர். ரிப்போர்ட் வந்து டாக்டர் சரி என்று சொல்வதற்குள் நாள் ஓடிவிட்டது. பயணத்தை இரண்டு வாரம் தள்ளி வைத்தார்கள். டிக்கெட் தேதி மாற்றக் கட்டிய பணத்தில் இன்னும் நாலு டின் ஊறுகாய் வாங்கியிருக்கலாம்.

இந்த ஊசியை எல்லா ஆஸ்பத்திரியிலும் போட்டுக்கொள்ள முடியாது. அரசு அங்கீகரித்த மையத்தில் போட்டால்தான் அந்தச் சான்றிதழான மஞ்சள் புத்தகம் கிடைக்கும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். இன்னொரு இடம் ராஜாஜி சாலையில் இருக்கும் துறைமுக சுகாதார அலுவலகம். தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு பஸ் தூரம். அந்த வழியாக வாழ்நாள் முழுக்கப் போய்வந்த என் தங்கைக்கு அப்படி ஓர் அலுவலகம் இருப்பதே தெரியாது! நினைத்த நேரத்தில் போய்க் கையை நீட்டவும் முடியாது. குப்பியைத் திறந்துவிட்டால் சில மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும் என்பதால் நாள் குறித்து, ஆள் சேர்த்துத்தான் போடுவார்கள். முன்கூட்டியே விசாரித்துப் பாஸ்போர்ட்டோடு போக வேண்டும். ஒரு நல்ல செய்தி, இது ஒரே ஊசிதான். முன்பெல்லாம் 10 வருஷத்துக்கு ஒரு தரம் திரும்பப் போட வேண்டும். 2016 ஜூலையிலிருந்து ஒரு தடவை போட்டால் ஆயுசுக்கும் செல்லும். பழைய சான்றிதழ்களுக்கும் இது பொருந்தும்.

எங்கள் பகுதிக்கு இந்த மஞ்சள் புத்தகம் புதிதும் இல்லை. எங்கள் நைனா கப்பலில் பண்டாரியாக, அதாவது சமையல்காரராக இருந்தவர். அவருடைய தகரப் பெட்டியில் கப்பல்காரர் புத்தகத்தோடு சேர்த்து நூல் போட்டுக் கட்டிய தடுப்பூசிப் புத்தகமும் இருக்கும். காலரா, பெரியம்மை என்று பக்கத்துக்குப் பக்கம் முத்திரை. கப்பல் வருகிறது என்றால் ராயபுரத்தில் பாதி வீடுகளில் பெட்டியைத் திறந்து அந்தத் தேதிகளைப் பார்ப்பார்கள். பெரியம்மை ஒழிந்தது என்று 1980-இல் அறிவித்தபிறகு அந்தப் பக்கம் வேண்டாமல் போயிற்று, காலராவும் அதற்கு முன்பே போய்விட்டது. கப்பல்காரர் குடும்பங்களுக்குக் கைவந்த விஷயம், விமானம் ஏறும் பேரப்பிள்ளைகள் காலத்தில் மறந்து போயிற்று.

ஊசியோடு முடிந்துவிடுவதும் இல்லை. சிங்கப்பூர் போகும் அக்கா மகளுக்கு எங்கள் வீட்டில் குருமாப் பொடி அரைத்துப் பொட்டலம் கட்டியாயிற்று. அதில் கசகசா இருக்கிறதே என்று கடைசி நேரத்தில்தான் எனக்கு உறைத்தது. சிங்கப்பூரிலும் துபாயிலும் கசகசா தடை செய்யப்பட்ட சரக்கு. அபின் செடியின் விதை என்பதால் அங்கே அதைப் போதைப்பொருள் கணக்கில் பார்க்கிறார்கள். நமக்குக் குருமா, அவர்களுக்குக் குற்றம். பொட்டலத்தைப் பிரித்து வைத்துவிட்டு வெறும் மல்லி, மிளகாய்த்தூளோடு அனுப்பினோம். இதை நம் பத்திரிகைகள்தான் சொல்ல வேண்டும், வெள்ளைக்காரன் எழுதிய பயண வழிகாட்டியில் குருமாப் பொடி எங்கே வரப்போகிறது?

மருந்தும் அப்படித்தான். டிராமடால், கோடீன் கலந்த வலி மாத்திரை, இருமல் டானிக் எல்லாம் ஐக்கிய அரபு அமீரகத்தில் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ளவை. கொண்டுபோகிறவர் முன்கூட்டி அனுமதி வாங்க வேண்டும். சிங்கப்பூரில் சில தூக்க மாத்திரைகளுக்கும் இதே கதை. இங்கே தெருமுனை மெடிக்கலில் பேர்கூடச் சொல்லாமல், "அந்த வலி மாத்திரை ரெண்டு குடுப்பா" என்று வாங்கிப் பழகிய நமக்கு அது புரியவே நாளாகும். பிரஷர், சர்க்கரை மாத்திரைகளை டப்பாவில் கொட்டி எடுத்துப் போகாமல் அட்டையோடு, டாக்டர் சீட்டோடு கொண்டுபோவது நல்லது. இன்சுலின் கைப்பையில்தான் இருக்க வேண்டும், சரக்கு அறைக்குப் போகும் பெட்டியில் போட்டால் உறைந்து வீணாகிவிடக்கூடும்.

அப்புறம் பெயர். நமக்கு இனிஷியல்தான் குடும்பப் பெயர். பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்து இன்னொரு கட்டம் காலியாகக் கிடக்கும் தமிழர்கள் எத்தனையோ பேர். அமீரகம் 2022 நவம்பரிலிருந்து அப்படிப்பட்ட பாஸ்போர்ட்டுக்குச் சுற்றுலா விசா தருவதில் கெடுபிடி காட்டத் தொடங்கியது. எங்கள் மாடி வீட்டுப் பையன் கல்யாணமாகி மனைவியோடு துபாய் கிளம்பினான். அவனுக்கு இரண்டு பெயர், அவளுக்கு ஒரு பெயர். அவள் அப்பா பெயரைச் சேர்த்து வேறு பாஸ்போர்ட் வாங்கி வருவதற்குள் அவன் லீவு முடிந்தே போயிற்று. கடைசியில் ஏற்காட்டுக்குப் போய்வந்தார்கள்.

இணையத்தில் நிரப்பும் வருகை அட்டை பற்றியும் ஒரு வார்த்தை. சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து மூன்றுமே இதைக் கேட்கின்றன. இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்பினால் போதும், சிங்கப்பூர் அட்டையில் உடல்நிலை பற்றிய கேள்வியும் சேர்ந்தே வரும். மூன்றுக்கும் காசு கிடையாது. ஆனால் செல்போனில் தேடினால் முதலில் வந்து நிற்பது அரசுத் தளம் போலவே வேஷம் கட்டிய இடைத்தரகர் தளம். அக்கா மகள் அப்படி ஒன்றில் நாலு பேருக்குப் பணம் கட்டிவிட்டுத்தான் எனக்கே போன் செய்தாள்.

உங்களிடம் கேட்பது பெரிய விஷயம் இல்லை. இனி ஒரு நாட்டைப் பற்றி இணைப்பிதழில் எழுதும்போது ஓரமாக நாலு விரல் அகலத்தில் ஒரு கட்டம் போடுங்கள். என்ன ஊசி, கிளம்ப எத்தனை நாள் முன்னால், சென்னையில் எங்கே, பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டுமா, எந்தப் பொருளைக் கொண்டுபோகக் கூடாது என்று இருந்தால் போதும். விதிகள் அடிக்கடி மாறுகின்றன என்பதால் எந்தத் தேதி நிலவரம் என்றும் அடியில் போட்டுவிடுங்கள். அந்தச் சிங்கத்தின் படத்தைக் கொஞ்சம் சின்னதாக்கினால் இடம் கிடைத்துவிடும். பேரனை நான் சமாளித்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
நெடுநாள் வாசகன்,
ராயபுரம், சென்னை - 600013