ரவுட்டர் பாடத்தில் மனனம் போதாது

ஆசிரியர் அவர்கட்கு,

கொழும்பில் கணினி வலையமைப்புப் பயிற்சிநெறிகளைத் தமிழ்மொழி மூலம் பயிலும் மாணவர்கள், வலையமைப்புகளை இணைக்கும் ரவுட்டர்கள் தமக்குள் பாதைத் தகவல்களைப் பரிமாறப் பயன்படுத்தும் ஓஎஸ்பிஎஃப் நெறிமுறைக்கான கட்டளைகளைப் பிழையின்றி ஒப்புவித்தாலும், அயல் ரவுட்டருடன் உறவு ஏன் ஏற்படவில்லை என்று கேட்டால் திகைத்து நிற்பதைப் பயிற்றுநர் என்ற முறையில் வருத்தத்துடன் காண்கிறேன். சிஸ்கோ ரவுட்டர்களின் ஈதர்நெட் இணைப்பில் அயல் ரவுட்டருக்கு ஹலோ செய்தி அனுப்பும் இடைவெளி 10 செக்கன், அச்செய்தி வராவிட்டால் அயல் செயலிழந்ததாகக் கொள்ளும் டெட் இடைவெளி 40 செக்கன் என இயல்பாக அமைந்திருக்க, ஒரு முனையில் மட்டும் ஹலோவை 5 ஆக்கினாலே, இருமுனைகளும் ஒத்திராததால் உறவு அறுந்துவிடும். இணைப்பு வலையமைப்பின் எப்பகுதியைச் சேர்ந்தது எனக் காட்டும் ஏரியா எண்ணும் இருபுறமும் ஒத்திருக்க வேண்டும். ஒரு தடவையில் அனுப்பக்கூடிய மிகப்பெரிய தரவுப் பொதியைக் குறிக்கும் எம்டியூ அளவு வேறுபட்டாலோ, அயல் ரவுட்டர் பட்டியலில் தோன்றியும் உறவு முழுமை பெறாது. மாணவரை மிகவும் குழப்புவது இதுவே. பயிற்சி நிலையங்கள் இத்தகைய பழுதுகளை வேண்டுமென்றே உண்டாக்கி, மாணவரே கண்டறியும் செய்முறைக்குப் போதிய நேரம் ஒதுக்க வேண்டும்.

வலையமைப்புப் பயிற்றுநர் ஒருவர்,
வெள்ளவத்தை.